பெரியவர் முதலில்

உ
மானாமதி,
3-7-1955

அன்புள்ள அக்கா வசந்தாவுக்கு, தங்கை சம்பூர்ணம் எழுதுவது. நீயும் மாமாவும் சுகமாக இருக்கத் திருப்போரூர் முருகனை வேண்டிக்கொண்டிருக்கிறோம். உனக்கு மசக்கை நின்று சோறு இறங்குகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இதை உனக்குப் படித்துக் காட்டப்போகும் மாமாவுக்கு என் வணக்கம். மாமா, நான் ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு அக்காவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

அக்கா, நீ பயப்படாதே. போன திங்கட்கிழமை காலையில் கோர்ட்டு அமீனா வந்து நைனாவைச் செங்கல்பட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். மண்டி ராஜாராம் போட்ட கேஸில் தீர்ப்பாகி வெகுநாள் ஆகிறது. பங்குனியிலேயே வண்டியையும் மாடுகளையும் ஜப்தி செய்து ஏலம் விட்டார்கள். உனக்குத் தெரியக் கூடாது என்று நைனா சொல்லியிருந்தார். ஏலத்தில் வந்தது வட்டிக்கும் கோர்ட்டுச் செலவுக்கும் சரியாகப் போயிற்று. நம் வீடு புறம்போக்கில் இருப்பதால் அதை எடுக்க முடியாதாம். அதனால் ஆளை எடுத்துவிட்டார்கள்.

அம்மாவும் நானும் பின்னாலேயே போனோம். முன்சீப்பு ஐயா, இந்தப் பணத்தை நீதான் வாங்கினாயா என்று கேட்டார். நைனா, "ஆமாங்க" என்றார். கையில் ஒன்றும் இல்லை என்று மஞ்சள் கடுதாசி கொடுத்தால் விட்டுவிடலாம், ஆனால் வாங்கின பணம் எங்கே போயிற்று என்று அதில் விவரம் சொல்ல வேண்டும் என்றார் ஐயா. நைனா வேண்டாம் என்று தலையாட்டினார். ஆறு மாசம்வரை ஜெயிலில் வைப்பார்களாம். அதுவரை நைனாவின் சாப்பாட்டுக்கு ராஜாராமே மாசாமாசம் கோர்ட்டில் படி கட்ட வேண்டும். கட்டாத மாசம் விட்டுவிடுவார்களாம்.

மாமா, அந்தக் கடன் நோட்டு எழுதின அன்றைக்கு நான்தான் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். உங்களுக்குச் சவுக்குத் தோப்புக் குத்தகைக்குப் பணம் வேண்டியிருந்தது. ராஜாராம் பேனாவை உங்களிடம்தான் நீட்டினார். "பெரியவங்க கீறப்போ நான் முன்னால போடறதா? நைனா மொதல்ல போடட்டும்" என்று நீங்கள் ஒதுங்கி நின்றீர்கள். நைனா போட்டார். அவருக்குக் கீழே நீங்கள் சாட்சி என்று போட்டீர்கள். மாப்பிள்ளை வைத்த மரியாதையை நைனா அன்றைக்கெல்லாம் தெருவில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். கோர்ட்டில் அந்த முதல் பேரைத்தான் பார்க்கிறார்கள்.

தோப்பு வெட்டி முடிந்தது என்று சித்திரையில் சொன்னீர்கள். நீங்கள் ஒருமுறை வந்து ராஜாராமிடம் பேசினால் போதும் என்று அம்மா சொல்கிறாள். உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.

அக்காவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சம்பூர்ணம்


பட்டிபுலம்,
16-7-1955

அன்புத் தங்கை சம்பூர்ணத்துக்கு அக்காவின் ஆசீர்வாதம். அம்மாவுக்கு என் வணக்கம். இங்கே நானும் உன் மாமாவும் சுகம். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார்.

மசக்கை போய்விட்டது. இப்போது மீன் வாசனைகூட ஒன்றும் செய்யவில்லை என்று அம்மாவிடம் சொல். நைனா பட்டணத்தில் விறகுத் தொட்டியில் மேஸ்திரி வேலைக்குப் போயிருக்கிறார் என்று உன் கடிதத்தில் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வண்டி மேல் வெயிலில் கிடந்த உடம்பு. இனி நிழலில் உட்காரட்டும். வரும்போது எனக்குப் பட்டணத்துக் கண்ணாடி வளையல் வாங்கிவரச் சொல்.

ஏன் இவ்வளவு சின்னக் கடிதமாக எழுதினாய்? மாமா ஆரம்பித்ததும் முடிந்துவிட்டது. அடுத்த முறை நிறைய எழுது. இங்கே கடல் சத்தத்தையும் சவுக்குச் சத்தத்தையும் தவிர என்னிடம் பேச யாரும் இல்லை.

உன் அக்கா,
வசந்தா


மானாமதி,
29-7-1955

அன்புள்ள அக்காவுக்கு, நீ சோறு சாப்பிடுகிறாய் என்று தெரிந்து அம்மாவுக்குப் பாதி உயிர் வந்தது. மாமாவுக்கு என் வணக்கம்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். "இன்னாடி எழுதின நீ? பட்டணம் எங்கேந்து வந்துது?" என்று என்னைக் கோபித்துக்கொண்டாள். நான் பட்டணம் என்று எழுதவில்லை அக்கா. என் எழுத்து புரியாமல் போயிருக்கும் என்று நினைத்து இந்தத் தடவை பெரிய எழுத்தாக எழுதுகிறேன். நைனா செங்கல்பட்டு ஜெயிலில் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். களவு செய்தவர்களோடு அவரை வைக்கவில்லை. கடன்காரர்களுக்குத் தனி அறை. நைனா அவருடைய வேட்டியில்தான் இருக்கிறார். அதுவே அவருக்குப் பெருமையாக இருக்கிறது. மாடுகளைப் பற்றிக் கேட்டார். அவற்றை வாங்கினவன் திருக்கழுக்குன்றத்தில் செங்கல் வண்டியில் கட்டியிருக்கிறான் என்று தெரிந்தும் நான் சொல்லவில்லை. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டே நின்றாள். இந்த மாசத்துப் படியை ராஜாராம் கட்டிவிட்டார். கட்ட மாட்டார் என்று நாங்கள் இருந்தோம்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். இதை நீ காதால் கேட்டால், நம் செவலை மாட்டுக்கு நீ ரகசியமாக வைத்த பேரைப் பதிலில் எழுதச் சொல். அந்தப் பேர் உனக்கும் எனக்கும்தான் தெரியும். அது வந்தால் நீ எல்லாவற்றையும் கேட்டாய் என்று தெரிந்துகொள்வேன்.

கால் வீங்கினால் சும்மா விடாதே. கொள்ளு வேகவைத்த தண்ணீரைக் குடி.

உன்,
சம்பூர்ணம்


பட்டிபுலம்,
20-8-1955

அன்புத் தங்கைக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே எல்லாம் க்ஷேமம். அம்மாவும் நீயும் நலம் என்று அறிந்து திருப்தி.

மாட்டின் பேர் கேட்டிருந்தாய். எத்தனையோ மாடு வந்தது, போனது. மறந்துவிட்டது. ஆவணி கடைசியில் இங்கே வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். நைனா பட்டணத்திலிருந்து லீவு கேட்டுக்கொண்டு கட்டாயம் வர வேண்டும். முதல் வளையல் நம் வீட்டு வளையலாக இருக்க வேண்டும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். வராமல் இருந்துவிடாதீர்கள்.

வசந்தா


மானாமதி,
27-8-1955

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, சம்பூர்ணம் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். இதை நீங்கள் மட்டும் படிக்கவும்.

அக்கா அந்த மாட்டின் பேரை மறக்க மாட்டாள். கல்யாணத்தன்று உங்களோடு புறப்படும்போது அம்மாவைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் அதன் கழுத்தைத்தான் கட்டிக்கொண்டாள். நீங்கள் பார்த்தீர்கள். உங்களைக் கேள்வி கேட்க எனக்கு வயசும் இல்லை, தைரியமும் இல்லை. உங்கள் முன்னால் நின்று நான் இதுவரை நாலு வார்த்தை பேசியதில்லை. எழுதும்போதும் கை கூசுகிறது.

நைனாவுக்குக் காலில் வீக்கம் வந்திருக்கிறது. பாதிப் பணம் கொடுத்து மீதிக்குத் தவணை சொன்னால் கோர்ட்டில் சொல்லி விட்டுவிடுகிறேன் என்று ராஜாராம் அம்மாவிடம் சொன்னார். அம்மா மண்டி வாசலில் வெகு நேரம் நின்ற பிறகு சொன்னார். எங்களிடம் பாதியும் இல்லை, அதில் பாதியும் இல்லை. அம்மா களையெடுக்கப் போகிறாள். நானும் போகிறேன்.

உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள் மாமா. அக்காவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

சம்பூர்ணம்


பட்டிபுலம்,
19-9-1955

சௌபாக்கியவதி சம்பூர்ணத்துக்கு உலகநாதன் ஆசீர்வாதம். உன் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உபய க்ஷேமம்.

உன் கடிதம் கிடைத்தது. நீ சின்னப் பெண். எல்லாம் உனக்குப் புரியாது. தோப்பு வெட்டியது உண்மை. கட்டை எல்லாம் கால்வாய் வழியாகப் பட்டணம் போனதும் உண்மை. ஆனால் தொட்டிக்காரர்கள் கடனுக்குத்தான் வாங்கியிருக்கிறார்கள். பொங்கலுக்கு முன்னால் ஒரு காசு பெயராது. இதற்கிடையில் ஆவணியில் வாடகைக்குப் படகு கிடைக்காததால் சொந்தப் படகுக்கு முன்பணம் கொடுத்தேன். அதைக் கேட்டால் திருப்பித் தர மாட்டார்கள்.

ராஜாராமை நானே போய்ப் பார்த்தேன். கோர்ட்டு டிக்ரி மாமனார் பேரில் இருக்கிறது, நீங்கள் வெறும் சாட்சி, சாட்சியிடம் சட்டப்படி நான் கேட்க முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். இதற்கு நான் என்ன செய்ய?

வசந்தாவுக்கு ரத்தம் குறைவு என்று மருத்துவச்சி சொல்கிறாள். மனசில் அதிர்ச்சி கூடாதாம். பட்டணம் என்று நான் சொன்னது அவள் நன்மைக்கு. வளைகாப்புக்கு நீங்கள் வராததற்கு உன் தாயாருக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அப்படியே சொல். பத்து ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். கடிதத்தைக் கிழித்துவிடவும்.

உலகநாதன்


செங்கல்பட்டு,
2-10-1955

சம்பூர்ணத்துக்கு நைனா ஆசீர்வாதம். நான் சொல்றத அப்படியே எழுதுன்னு கூட கீற சுப்பிரமணிகிட்ட சொல்லிக்கீறேன். சீட்டு புடிச்சு நொடிச்சுப்போனவன். நல்லா எழுதுவான்.

நான் நல்லாக்கீறேன். வேளைக்கு சோறு வருது. ராஜாராம் தவறாம டப்பு கட்றான். கடன் வாங்கினவனுக்கு கடன் குடுத்தவன் சோறு போடற எடம் ஒலகத்துல இது ஒண்ணுதான்னு சுப்பிரமணி சிரிக்கிறான். ஜெயில மாமியார் வூடுன்னு சொல்றது சரிதான். ஆனா என் மாமியா என்ன இப்படி கவனிச்சதில்லன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு.

நீ மாப்பிள்ளைக்கு எழுதினன்னு அம்மா வந்தப்போ சொன்னா. இனிமே எழுதாத. கோர்ட்ல நான் வாங்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே வூட்டுக்கு வந்திருப்பேன். அப்புறம் அவர கூண்டுல ஏத்துவாங்க. வசந்தா வவுத்துல புள்ளையோட மூட்டைய கட்டிக்கினு நம்ம வாசல்ல வந்து நிப்பா. அவ வாழணும். அதுக்கு நான் ஆறு மாசம் உக்காந்து சாப்பிடறேன். இது இன்னா பெரிய பேஜாரு?

ஐப்பசில நீ போயி அக்காவ கூட்டிக்கினு வா. தலப்பிரசவம் நம்ம வூட்ல ஆவணும். நான் பட்டணத்துல கீறேன்னே சொல்லு. மாப்பிள்ள நல்ல பொய்யாத்தான் பாத்து சொல்லிக்கீறாரு. தை பொறந்தா வந்துடுவேன். புள்ள பேர நான் வந்துதான் கூப்பிடுவேன்.

நைனா

(அம்மா, பெரியவருக்கு முழங்கால்வரை வீக்கம். கஞ்சிகூட இறங்கவில்லை. இதை எழுதக் கூடாது என்று சொன்னார். எழுதாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. - சுப்பிரமணி)


மானாமதி,
27-10-1955

அன்புள்ள நைனாவுக்கு, உங்கள் மகள் சம்பூர்ணம் வணக்கம். உங்கள் கால் வடிந்ததா? வடியாவிட்டால் வடிந்தது என்று எழுத வேண்டாம். சுப்பிரமணி அண்ணனுக்கு என் வணக்கம்.

அக்காவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்கிப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக் கொடுத்தாள். நான் தனியாகப் பஸ் ஏறியது இதுதான் முதல் தடவை. இறங்க வேண்டிய இடத்தைக் கண்டக்டரிடம் கேட்க வாய் வராமல் ஒரு நிறுத்தம் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தேன். கால்வாய்க் கரையில் புதுப் படகு ஒன்றைத் தார் பூசிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடக்காரர் அது மாமாவுடையது என்றார்.

வழியெல்லாம் அக்காவிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன் நைனா. நீங்கள் வேண்டாம் என்று எழுதின பிறகும். அதை மறைக்க மாட்டேன். அக்கா வயிற்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாமியார் வீட்டுப் பெண்களெல்லாம் நின்றிருந்தார்கள். "ஏண்டி, பெத்த பொண்ண கூட்டிக்கினு போவ ஒங்க நைனாவுக்கு லீவு குடுக்கலயா? தொட்டிய தூக்கி தலமேல வச்சிக்கீறாரா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தது அவர்களுக்காக. கண் சிரிக்கவில்லை. நான் சோற்று மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்துகொண்டே இருந்தேன்.

மாமா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். அவர் கோபமாகப் பேசவில்லை. "சொல்லணும்னா இங்கயே சொல்லிடு. நான் தடுக்கல. அவ தாங்குவாளான்னு மட்டும் பாத்துக்கோ. அப்புறம் எது ஆனாலும் ஒன் வாயால ஆனதா இருக்கும்" என்றார். நான் திரும்பி வந்து, நைனாவுக்குத் தொட்டியில் ஆள் பற்றாக்குறை என்று அக்காவிடம் சொன்னேன். பொய் சொன்னால் எனக்குக் குரல் நடுங்கும். அன்று நடுங்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா மாட்டுக் கொட்டகையைப் பார்த்தாள். "தொரைய யாருக்குடி வித்தாரு நைனா?" என்று கேட்டாள். துரை என்பதுதான் அவள் செவலைக்கு வைத்த பேர்.

அவளுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். பட்டணம் என்று மேலே போட்டு நாலு வரி போதும். தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

உங்கள் மகள்,
சம்பூர்ணம்


செங்கல்பட்டு,
7-11-1955

அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் சுப்பிரமணி எழுதுவது. உங்கள் எல்லோருடைய நலத்தையும் கோருகிறேன்.

பெரியவருக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. நேற்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அதற்கு முன்னால் பெரிய மகளுக்குப் பட்டணத்திலிருந்து எழுதுகிற மாதிரி ஒரு கடிதம் சொல்ல ஆரம்பித்தார். "இங்க டிராம் வண்டி ஓடின தண்டவாளமெல்லாம் இன்னும் கீது" என்பதுவரை எழுதினேன். அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. கார்டு கண்டதும் புறப்பட்டு வரவும்.

சுப்பிரமணி


பட்டிபுலம்,
27-11-1955

அன்புள்ள வசந்தாவுக்கு உலகநாதன் எழுதுவது. நான் சுகம். உன் சுகத்துக்குச் சம்பூர்ணம் பதில் எழுதவும். மழையில் கால்வாய் உடைத்துக்கொண்டதால் கட்டை ஏற்றும் வேலை அப்படியே நிற்கிறது. நான் இப்போது வர முடியாது. பிரசவம் ஆனதும் தெரிவிக்கவும். மனசைத் திடமாக வைத்துக்கொள்.

இதற்குக் கீழே உள்ளது சம்பூர்ணத்துக்கு மட்டும்.

மாமல்லபுரம் கடற்கரையில் மாமனாரின் கருமாதியை முறையாக முடித்துவிட்டேன். ஒரு குறையும் வைக்கவில்லை. மகன் இல்லாத குறை தெரியாமல் எல்லாவற்றையும் நானே செய்தேன். தலை மொட்டையாக இருக்கிறது. மீசையும் இல்லை. இந்த நிலையில் வசந்தா என்னைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். முடி வளர்ந்த பிறகு வருகிறேன். அதுவரை நீதான் சமாளிக்க வேண்டும். நீ கெட்டிக்காரி.

இந்த முறை ஐம்பது ரூபாய் அனுப்பியிருக்கிறேன்.

உலகநாதன்


மானாமதி,
15-12-1955

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, சம்பூர்ணம் வணக்கத்துடன் எழுதுவது. அக்காவுக்குப் போன வெள்ளிக்கிழமை ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ரத்தம் நிறையப் போயிற்று, ஆனால் பயம் இல்லை என்று மருத்துவச்சி சொன்னாள். குழந்தைக்கு உங்கள் மூக்கு. உங்கள் ஐம்பது ரூபாயில் மருந்துச் சரக்கும் நெய்யும் வாங்கினோம்.

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். நீங்கள் அவளுக்கு எழுதினது ஐந்தாறு வரிதான். நான் ஒரு பக்கம் படித்தேன். நீங்கள் அவள் நினைவாகவே இருப்பதாகவும், படகுக்கு அவள் பேரை எழுதப்போவதாகவும் படித்தேன். அவள் திரும்பப் படிக்கச் சொன்னாள். முதலில் படித்தது நினைவில் இல்லாததால் கொஞ்சம் மாறிவிட்டது. அவள் கவனிக்கவில்லை. அதற்கு முன்னால் செங்கல்பட்டிலிருந்து வந்த கார்டையும் நைனாவின் கடிதம் என்றுதான் படித்தேன். டிராம் தண்டவாளம்வரை உண்மையாகவே நைனா சொன்னது. அதற்குப் பிறகு நான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள் என்று இருந்த இடத்தில் மெரீனாவுக்குக் கொண்டு போனார்கள் என்று படித்தேன்.

மாமா, அம்மா செங்கல்பட்டுக்குப் போன அன்று நாட்டு வைத்தியரைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா தலை வாரிவிடச் சொன்னாள். சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, பின்னி, பூ வைத்தேன். அந்த நேரம்தான் அங்கே நைனாவுக்குக் கொள்ளி வைத்திருக்கிறார்கள். வெட்டியான், "மொதல்ல யாரு?" என்று கேட்டபோது, யாரும் சொல்வதற்கு முன்னால் நீங்களே முன்னால் போனதாகக் கூடப் போன பங்காளிகள் வந்து சொன்னார்கள். எல்லோரும் உங்களைப் புகழ்ந்தார்கள்.

நைனா இல்லாத மீதி நாளுக்கான படிக்காசைக் கோர்ட்டில் ராஜாராமுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அவர் ஆள் வந்து சொன்னான். இனிமேல் எங்களிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்றும் சொன்னான்.

தீபாவளிக்கு அக்காவுக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினோம். அம்மா அதிரசம் சுட்டாள். அம்மாவின் பொட்டும் தாலியும் அப்படியே இருக்கின்றன. தினமும் விடிந்ததும் முகம் கழுவிவிட்டுக் கண்ணாடி பார்க்காமல் குங்குமம் வைத்துக்கொள்கிறாள். ஊருக்கெல்லாம் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் அக்கா முன்னால் வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். கிணற்றடியில்தான் சொன்னாள் ஒருத்தி: "புருஷன எரிச்சிட்டு பொட்டோட தண்ணி எடுக்க வந்துட்டா பாரு." அம்மா குடத்தை இறக்கி வைக்காமலே, "எம்பொண்ணு பெத்து எழுந்துக்கட்டும். அப்புறம் நானே அழிச்சிக்கினு வந்து ஒன் எதுர்ல நிக்கிறேன்" என்றாள். வீட்டுக்கு வந்து எனக்குத் தெரியாமல் அழுதாள். எனக்குத் தெரிந்தது.

இப்போது அக்கா பெற்று எழுந்துவிட்டாள். இன்று சொல்லலாம் என்று அம்மா சொன்னாள். பிறகு பால் சுரக்கட்டும் என்றாள். பால் சுரந்துவிட்டது. தீட்டுக் கழியட்டும் என்கிறாள். நீங்கள் முடி வளரட்டும் என்கிறீர்கள்.

குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. மருத்துவச்சி எதையாவது சொல்லிக் கூப்பிடுங்கள், பேர் இல்லாமல் பிள்ளை அழக் கூடாது என்றாள். அக்கா விடவில்லை. நைனா பட்டணத்திலிருந்து வந்து அவர் வாயால் முதலில் கூப்பிடட்டும், பெரியவர் கூப்பிடுவதற்கு முன்னால் யாரும் கூப்பிடக் கூடாது என்கிறாள். அது நீங்கள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த மரியாதைதான். நோட்டில் நீங்கள் நைனாவை முதலில் போடச் சொன்னதை அவள் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அம்மா அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

நீங்கள் அடுத்த முறை எனக்கென்று தனியாக எதையும் எழுத வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுங்கள். எதைப் படிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும்.

அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவு நேரமாக மாமாவுக்கு என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுகிறேன் என்றேன்.

"நலம்னு எழுத இம்மா நேரமாடி?" என்று சிரிக்கிறாள்.

இப்படிக்கு,
சம்பூர்ணம்